சிசிடிவி கேமரா இருக்கு... ரெக்கார்டிங் இருக்கா? - பெருங்குடி கொள்ளை சொல்லும் பாடமும், வீட்டில் கவனிக்க வேண்டியவையும்

2012 ஜனவரி 23. பெருங்குடியில் உள்ள பேங்க் ஆஃப் பரோடா கிளைக்குள் துப்பாக்கியுடன் நுழைந்த கும்பல், ஊழியர்களை மிரட்டிப் பணத்தை அள்ளிக்கொண்டு போனது. பிப்ரவரி 20 அன்று கீழ்க்கட்டளை இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக் கிளையிலும் அதே பாணியில் கொள்ளை. இரண்டு கிளைகளிலும் சிசிடிவி கேமரா இல்லை.

போலீஸார் நகரின் மற்ற வங்கிகளில் இருந்த கேமரா பதிவுகளைத் தேடிப் பார்த்து, சந்தேகப்படும்படி வந்துபோன ஒருவரின் வீடியோவை வெளியிட்டனர். பிப்ரவரி 23 அதிகாலையில் வேளச்சேரியில் ஐந்து பேர் என்கவுன்ட்டரில் கொல்லப்பட்டனர். வழக்கு விசாரணைக் கட்டத்துக்கே போகவில்லை. அந்த என்கவுன்ட்டர் பற்றி மனித உரிமை அமைப்புகள் எழுப்பிய கேள்விகள் தனி.

2016 ஜூன் 24 அன்று நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஐடி ஊழியரான இளம்பெண் கொல்லப்பட்டபோதும் இதே நிலைமைதான். ரயில் நிலையத்தில் கேமரா இல்லை. அக்கம்பக்கத்துத் தெருவில் இருந்த கேமராக்களைத்தான் போலீஸ் நம்ப வேண்டியிருந்தது.

இன்று சென்னையில் நிலைமை தலைகீழ். 2017-ல் ஏ.கே.விஸ்வநாதன் மாநகரக் காவல் ஆணையராகப் பொறுப்பேற்ற பிறகு, 'மூன்றாவது கண்' என்ற பெயரில் 50 மீட்டருக்கு ஒரு கேமரா என்ற இலக்கோடு தெருத்தெருவாக கேமராக்கள் வந்தன. சர்ஃப்ஷார்க் என்ற விபிஎன் நிறுவனம் 2020 தரவுகளை வைத்து வெளியிட்ட பட்டியலில், ஒரு சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்களுடன் உலக நகரங்களிலேயே சென்னைதான் முதலிடம்.

கேமரா இருக்கு. ஆனால், ஏதாவது நடந்த பிறகு ரெக்கார்டரைத் திறந்து பார்த்தால் என்ன கிடைக்கும்? ஹார்டு டிஸ்க் எப்போதோ நின்றிருக்கும். தேதி தவறாக இருக்கும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் புகை இருக்கும். கேமராவின் மதிப்பு சுவரில் இல்லை; தேவைப்படும் நாளில் எடுத்துக் கொடுக்க முடிகிற பதிவில் இருக்கிறது. அதற்கு என்னென்ன பார்க்கணும்?

முகம் தெரியணுமா, நடமாட்டம் தெரிஞ்சா போதுமா?

டெக்னீஷியன் வந்ததும் முதலில் கேட்பது "எத்தனை கேமரா சார்?" என்றுதான். அதற்கு முன்னால் நாம் முடிவு செய்ய வேண்டியது, ஒவ்வொரு கேமராவும் எதைக் காட்ட வேண்டும் என்பது.

முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை அடையாளம் காண, காட்சியின் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்றது ஐஇசி 62676 என்ற சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்பு. ஏற்கெனவே தெரிந்தவரை 'இவர்தான்' என்று சொல்ல 125 போதும். யாரோ நடமாடுகிறார்கள் என்று மட்டும் தெரிய 25 போதும்.

2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1,920 பிக்சல் அகலம். இதை 250-ஆல் வகுத்தால் சுமார் 7.7 மீட்டர். அதாவது, அந்த கேமரா பார்க்கும் காட்சி 7.7 மீட்டரைவிட அகலமாகிவிட்டால், புது ஆளின் முகத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. 90 டிகிரி கோணத்தில் பார்க்கும் லென்ஸ் என்றால், கிட்டத்தட்ட 4 மீட்டர் தூரத்துக்குள் ஆள் வந்தாக வேண்டும். மொட்டை மாடியில் இருந்து முழுத் தெருவையும் காட்டும் கேமரா பார்க்க அழகாக இருக்கும். பைக் போனது தெரியும், ஓட்டியது யார் என்று தெரியாது.

அதனால் ஒரு கேமராவையாவது கேட்டுக்கோ வாசலுக்கோ நெருக்கமாக, 8 முதல் 10 அடி உயரத்தில் வையுங்கள். அதற்கு மேலே போனால் தொப்பியும் உச்சந்தலையும்தான் பதிவாகும்.

டிவிஆர், என்விஆர், வைஃபை... எது யாருக்கு?

• டிவிஆர்: கோஆக்சியல் கேபிளில் ஓடும் அனலாக் ஹெச்டி கேமராக்களுக்கானது. செலவு குறைவு, சரிசெய்வதும் எளிது. தனி வீடு, சின்னக் கடைக்குப் போதும்.

• என்விஆர்: ஐபி கேமராக்களுக்கானது. பிஓஇ வசதி இருந்தால் ஒரே நெட்வொர்க் கேபிளில் கரன்ட்டும் வீடியோவும் போகும். ஒரு கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இது வசதி.

• வைஃபை கேமரா: வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஏற்றது. துளை போட வேண்டாம், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். ஆனால், பெரும்பாலான மாடல்களில் பதிவு கேமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டில்தான். கேமராவைத் திருடினால் பதிவும் போச்சு. மெயின் சுவிட்சை அணைத்தால் கேமரா, ரவுட்டர் இரண்டும் படுத்துவிடும். கிளவுட் பதிவும் ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் இருந்தால் நல்லது.

'ஒரு டிபி போதும் சார்' - போதுமா?

கணக்கு இதோ. 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று ஹெச்.265 முறையில் விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிவு செய்தால், ஒரு நாளைக்கு சுமார் 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 86 ஜிபிக்கு மேல். ஒரு டிபி டிஸ்க் 11 நாளில் நிரம்பிவிடும். பிறகு பழையதன்மேலேயே புதியது எழுதப்படும்.

ஊருக்குப் போய்விட்டு இரண்டு வாரம் கழித்து வருபவருக்கு, போன மறுநாள் நடந்தது கிடைக்காது. 30 நாள் வேண்டுமென்றால் நான்கு கேமராவுக்கு சுமார் 2.6 டிபி தேவை. கடையில் 3 அல்லது 4 டிபியாக வாங்க வேண்டியிருக்கும்.

கண்காணிப்புக்கென்றே தயாராகும் ஹார்டு டிஸ்க் 24 மணி நேரமும் எழுதும்படி வடிவமைக்கப்பட்டது. சாதாரண கம்ப்யூட்டர் டிஸ்க் அந்த வேலைக்கு இல்லை. இரண்டு கொட்டேஷன்களுக்கு இடையே விலை ரொம்ப வித்தியாசப்பட்டால், முதலில் டிஸ்க் என்ன மாடல், வாரன்ட்டி எத்தனை வருஷம் என்று கேளுங்கள்.

பெருங்குடியில் கூடுதல் கவனம் ஏன்?

ஒரு பக்கம் கடல் பக்கம். இன்னொரு பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். ஈரமும் உப்பும் கலந்த காற்று, கேபிள் முனையில் இருக்கும் பிஎன்சி கனெக்டரைத்தான் முதலில் அரிக்கும். ஜாயின்ட்டை வெறும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி சன்ஷேடுக்கு அடியில் தொங்கவிட்டால், ஒரு மழைக்காலம் தாண்டுவதே கஷ்டம். ஒவ்வொரு கேமராவுக்கும் மூடிய ஜங்ஷன் பாக்ஸ் கேட்டு வாங்குங்கள். கேபிள், கீழ்ப்பக்கமாக வளைந்து பாக்ஸுக்குள் நுழைய வேண்டும். அப்போதுதான் மழைநீர் கேபிள் வழியாக உள்ளே இறங்காமல் வளைவிலேயே சொட்டிவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பெருங்குடி, பள்ளிக்கரணை, வேளச்சேரி பகுதிகளில் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். தரைத்தளத்தில் செக்யூரிட்டி மேஜைக்கு அடியில் டிவிஆரை வைப்பது பல அபார்ட்மென்ட்களில் வழக்கம். அதை முதல் மாடிக்கோ, குறைந்தது சுவரின் மேல்பகுதியில் பூட்டிய பெட்டிக்கோ மாற்றுவது நல்லது. வெள்ளத்துக்கும் நல்லது, வாசலில் நுழைகிற திருடன் கண்ணில் படாமல் இருக்கவும் நல்லது.

என்ன பிரச்சினை, எங்கே பார்க்கணும்?

டெக்னீஷியனைக் கூப்பிடும் முன் நாமே பார்க்கக்கூடியவை இவை. கழற்றி மாட்டும் முன் மெயின் பவரை அணைத்துவிடுங்கள்.

• ஒரு கேமரா மட்டும் 'வீடியோ லாஸ்': அந்த கேபிளை டிவிஆரில் வேறு சேனலில் மாட்டிப் பாருங்கள். படம் வந்தால் பழைய சேனலில் கோளாறு. வராவிட்டால் கனெக்டர், கேபிள், கேமரா என்று இந்த வரிசையில் சந்தேகப்படலாம்.

• எல்லா கேமராவும் ஒரே நேரத்தில் போச்சு: கேமராக்களைச் சந்தேகப்பட வேண்டாம். பவர் சப்ளை பெட்டியைப் பாருங்கள்.

• பகலில் சரி, இரவில் மட்டும் கட்டாகிறது: இருட்டியதும் இன்ஃப்ராரெட் எல்இடிகள் எரியும், கேமரா கூடுதல் கரன்ட் இழுக்கும். பவர் சப்ளை பலவீனமாக இருந்தாலோ, நீளமான மெல்லிய வயரில் 12 வோல்ட் குறைந்துபோனாலோ அந்த நேரத்தில் கேமரா ஆஃப் ஆகி ஆன் ஆகும். கேமராவை மாற்றச் சொல்வதற்கு முன் அதன் முனையில் வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள்.

• இரவில் படம் வெள்ளைப் புகையாகத் தெரிகிறது: பெரும்பாலும் சிலந்தி வலை. எல்இடி வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். லென்ஸுக்குப் பக்கத்திலேயே சுவரோ சன்ஷேடோ இருந்தாலும் வெளிச்சம் திரும்பி அடித்து இப்படி ஆகும். மெல்லிய துணியால் துடைத்துவிட்டுக் கோணத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள்.

• டிவிஆர் 'பீப் பீப்' என்று கத்துகிறது: ஹார்டு டிஸ்க் கிடைக்கவில்லை அல்லது பழுதாகிவிட்டது என்பதற்கான எச்சரிக்கையாக இருக்கலாம். சத்தம் தொல்லை என்று செட்டிங்கில் அணைத்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. லைவ் படம் வழக்கம்போல ஓடிட்டிருக்கும், பதிவு மட்டும் இருக்காது.

• தேதி, நேரம் தவறு: கரன்ட் போய் வந்ததும் பழைய வருஷத்துக்குப் போனால், உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். சரியாக இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடினால், சாதனம் சீன நேரத்திலேயே விடப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

• மொபைலில் மட்டும் 'ஆஃப்லைன்': வீட்டு மானிட்டரில் படம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கேமராவில் குறையில்லை. இன்டர்நெட் அல்லது ரவுட்டர்தான் காரணம். புது வைஃபை கேமரா இணையவே மறுத்தால், அது 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்யும் மாடலா என்று பாருங்கள்.

நம் கேமராவை வேறு யாராவது பார்க்கிறார்களா?

2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் உள்ள ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமரா பதிவுகள் ஆன்லைனில் விற்பனைக்கு வந்தது நாட்டையே அதிர வைத்தது. மாற்றப்படாத எளிய பாஸ்வேர்டுதான் ஹேக்கர்களுக்கு வழிவிட்டது. 2016 அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் அமெரிக்காவில் முடங்கியதற்குப் பின்னால் இருந்ததும், கம்பெனி பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்துவைத்திருந்த 'மிராய்' என்ற மால்வேர்தான்.

எனவே டெக்னீஷியன் வேலை முடித்துக் கிளம்பும் முன்பே அட்மின் பாஸ்வேர்டை நீங்களே மாற்றுங்கள். ஆப் கணக்கு உங்கள் மொபைல் எண்ணில் இருக்கிறதா, அவருடைய எண்ணிலா என்று பாருங்கள். ஃபர்ம்வேர் அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

மத்திய அரசின் புதிய விதிப்படி, 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் விற்க வரும் சிசிடிவி கேமராக்கள் சைபர் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும். ரிச்சி தெருவில் 'பழைய ஸ்டாக், பாதி விலை' என்று கிடைத்தால், அந்த மாடலுக்குச் சான்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பக்கத்து வீட்டு ஜன்னல் தெரிந்தால்?

உங்கள் வாசலைப் பார்க்கும் கேமரா எதிர்வீட்டுப் படுக்கையறை ஜன்னலையும் பார்க்கக் கூடாது. 2017-ல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. ஒரு பெண்ணின் அந்தரங்கமான தருணத்தை அவருக்குத் தெரியாமல் பார்ப்பதோ படம்பிடிப்பதோ பாரதிய நியாய சன்ஹிதா 77ஆவது பிரிவின்படி குற்றம். பிஜி ஹாஸ்டலில் அறைக்குள்ளோ குளியலறைப் பக்கமோ கேமரா தென்பட்டால் தயங்காமல் போலீஸில் புகார் கொடுக்கலாம். பல மாடல்களில் படத்தின் ஒரு பகுதியை மட்டும் மறைக்கும் 'பிரைவசி மாஸ்க்' வசதி உண்டு; பக்கத்து வீட்டாரோடு சண்டை வருவதற்கு முன்பே அதைப் பயன்படுத்தலாம்.

சம்பவம் நடந்துவிட்டால் என்ன செய்யணும்?

முதல் வேலை, அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் சேர்த்துப் பதிவை பென் டிரைவில் எடுப்பது. 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்றால் மேலெழுதப்பட்டுவிடலாம். திரையை மொபைலில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது தகவலுக்கு உதவும்; சாட்சியத்துக்கு அசல் கோப்பு வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம் 63ஆவது பிரிவின்படி, இப்படிப்பட்ட மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழும் தர வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பு அதில் இடம்பெறும். படிவத்தை போலீஸாரிடம் கேட்டுப் பெறலாம். டிவிஆர் கடிகாரத்துக்கும் உண்மையான நேரத்துக்கும் வித்தியாசம் இருந்தால் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். அவசரப்பட்டு நேரத்தை அப்போது மாற்றாதீர்கள்.

மாதத்தில் ஒருநாள், 10 நிமிடம்

லைவ் படம் வருகிறதா என்று பார்ப்பது சோதனை இல்லை. மொபைலில் ஒரு மாதாந்திர ரிமைண்டர் போட்டு இவற்றைப் பாருங்கள்:

1. நேற்று இரவு 2 மணி பதிவை எல்லா கேமராவிலும் பிளேபேக்கில் ஓட்டுங்கள்.
2. இருப்பதிலேயே பழைய பதிவு எந்தத் தேதி என்று பாருங்கள். அதுதான் உங்கள் கையில் இருக்கும் உண்மையான நாள்கணக்கு.
3. திரையில் தெரியும் நேரத்தை மொபைல் நேரத்தோடு ஒப்பிடுங்கள்.
4. வீட்டில் ஒருவரை இரவில் கேட் வரை நடந்துவரச் சொல்லி, முகம் தெரிகிறதா என்று பாருங்கள்.
5. ஒரு நிமிடப் பதிவை பென் டிரைவில் எடுத்து லேப்டாப்பில் திறந்து பாருங்கள்.

இந்த ஐந்தில் எது தேறவில்லையோ, அதை இந்த வாரமே சரிசெய்யுங்கள். அபார்ட்மென்ட் என்றால் இந்தப் பட்டியலை அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, இந்த மாதம் யார் பொறுப்பு என்று ஒரு பெயரையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.