கழற்றாத கிறிஸ்மஸ் மரமும் ஒரு கிண்ணம் பொங்கலும்

போன தைப்பொங்கல் அன்று பின்னேரம், பள்ளிக்கூடம் விட்டு வந்த என் ஒன்பது வயது மகனுக்குப் பக்கத்து வீட்டு அம்மம்மா ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் நீட்டியிருக்கிறார். இவன் வாங்கவில்லை. "இது சூரியனுக்குப் படைச்சது. நாங்கள் கிறிஸ்தவர், சாப்பிடக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டான்.

நானும் கணவரும் வேலையால் வரப் பிந்தும் நாட்களில் இவனைப் பார்த்துக்கொள்பவர் அந்த அம்மம்மாதான். இவன் தவழ்ந்த காலத்தில் இருந்தே அப்படி.

ஏதோ பரிசு வாங்கின மாதிரித்தான் மகன் இதை வந்து என்னிடம் சொன்னான். ஞாயிறு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம். அவனுக்குப் பின்னால், இன்னும் கழற்றாத கிறிஸ்மஸ் மரம் லைட் எரிந்தபடி நின்றது.

"அப்ப இந்த மரம்?"

"அது இயேசுவின்ர."

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஸ்காபரோவில் வளர்ந்த எனக்கும் இதே குழப்பங்கள் இருந்தன. ஹாலோவீனுக்கு வேஷம் போடலாமா, ஈஸ்டர் முட்டை தேடலாமா, பொங்கலுக்குக் கோலம் போடலாமா? ஒவ்வொரு பெரியவரும் ஒவ்வொரு பதில் சொன்னார்கள். மகனுக்கும் அதையே கொடுக்க விருப்பமில்லாமல் கொஞ்சம் வாசித்துப் பார்த்தேன்.

முதலில் விளங்கியது, 'வேற்று மதத்தில் இருந்து வந்தது' என்று நாம் சுலபமாகச் சொல்கிற பலவற்றுக்கு ஆதாரம் அவ்வளவு உறுதியாக இல்லை என்பது. டிசம்பர் 25 கிறிஸ்து பிறப்பு என்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவு, 354-ஆம் ஆண்டு ரோமில் தொகுத்த ஒரு நாட்குறிப்பில் இருக்கிறது. ரோமர்களின் சூரிய விழாவைத் திருச்சபை எடுத்துக்கொண்டது என்பார்கள். மார்ச் 25-இல் மரியாள் கருவுற்றார் என்று வைத்து ஒன்பது மாதம் எண்ணினார்கள் என்ற விளக்கமும் உண்டு. அறிஞர்களிடையே இது இன்னும் முடியாத வாதம்.

கிறிஸ்மஸ் மரத்தைப் பற்றிய பழைய பதிவுகள் 16-ஆம் நூற்றாண்டில் அல்சாஸ் பகுதியில், கிறிஸ்தவர்கள் நடுவில் இருந்துதான் வருகின்றன. தவக்காலத்தில் முட்டை விலக்கப்பட்டிருந்ததால், நோன்பு முடிந்ததும் அது கொண்டாட்ட உணவானது. 'ஈஸ்டர்' என்ற பெயர் ஒரு தேவதையுடையது என்று 8-ஆம் நூற்றாண்டில் எழுதியவர் பீட் என்ற ஆங்கிலேயத் துறவி. அவரை விட்டால் வேறு பழைய சாட்சி இல்லை. தமிழில் நாம் சொல்லும் 'பாஸ்கா' யூதர்களின் பண்டிகைப் பெயரில் இருந்து வந்தது.

பெயர் என்று பார்த்தால் நாம் கோயிலுக்குப் போவதே ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் சூரியன். அதற்காக யாரும் சூரியனைக் கும்பிடப் போவதாக நினைப்பதில்லை.

இரண்டாவது, இந்தக் கேள்வி புதிதில்லை. 601-இல் பாப்பரசர் பெரிய கிரகோரி, இங்கிலாந்துக்குப் போன மெலித்துஸ் என்ற துறவிக்குக் கடிதம் எழுதினார். சிலைகளை அகற்றுங்கள், கட்டடங்களை இடிக்க வேண்டாம், மாடு அடித்து விருந்து வைக்கும் வழக்கத்தைப் புனிதர்களின் திருநாளுக்கு மாற்றுங்கள் என்பது அதன் சாரம்.

மறுபக்கமும் இருந்தது. 1659-இல் மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் பியூரிட்டன்கள் கிறிஸ்மஸ் கொண்டாடுவதையே தடைசெய்து ஐந்து ஷில்லிங் அபராதம் வைத்தார்கள். 1681 வரை அந்தச் சட்டம் இருந்தது. அவர்களும் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அப்படிச் செய்தார்கள்.

எங்கள் ஊர்ப்பக்கமும் இது நடந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ரொபெர்தோ தே நோபிலி காவி உடுத்து, தமிழும் சமஸ்கிருதமும் படித்து, சந்தனம், குடுமி எல்லாம் ஊர் வழக்கம் என்று வாதாடினார். அந்தச் சண்டை ரோம் வரை போய் நூறாண்டுக்கு மேல் இழுபட்டது. 1704-இல் புதுச்சேரியில் வந்த ஆணையில் பிள்ளையார் உருவம் பதித்த தாலிக்குத் தடை போட்டார்கள். ஆனாலும் தாலி போகவில்லை. என் கழுத்தில் இருக்கிற தாலியில் புறா இருக்கிறது. கட்டுவது எங்கள் வழக்கம், அதில் என்ன பதிக்கிறோம் என்பது எங்கள் விசுவாசம்.

ஆனால் எல்லாமே சரி என்றும் சொல்ல மாட்டேன். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுல் இதைத்தான் பேசுகிறார். அந்த ஊரில் சிலைகளுக்குப் படைத்த இறைச்சி சந்தைக்கு வரும். விற்பதை வாங்கிச் சாப்பிடுங்கள், விசாரிக்க வேண்டாம் என்கிறார். 'இது படைத்தது' என்று ஒருவர் சொன்னால், அவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாமல் விடுங்கள் என்றும் சொல்கிறார். ஆகவே என் மகன் சொன்னதில் ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது. அவன் அதைச் சொன்ன விதம்தான் பிழை. அறிவு தலைக்கேறினால் அன்பு போய்விடும் என்ற எச்சரிக்கையோடுதான் பவுல் அந்தப் பேச்சையே தொடங்குகிறார்.

என் மாமி பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். பொங்கல் தொடமாட்டார், மரமும் வைக்கமாட்டார். அவரிடம் முரண்பாடு இல்லை, அதை நான் மதிக்கிறேன். என் அம்மா யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். அவருக்குத் தைப்பொங்கல் என்றால் கோயிலில் பூசை, பிறகு வீட்டில் புக்கை. ரோமர் கடிதத்தின் 14-ஆம் அதிகாரம் இந்த இரண்டு பேருக்குமானது: சாப்பிடுகிறவர் சாப்பிடாதவரை இளக்காரமாகப் பார்க்கக் கூடாது, சாப்பிடாதவர் மற்றவரைத் தீர்ப்பிடவும் கூடாது.

இப்போது எங்கள் வீட்டில் எந்தப் பண்டிகைக்கும் மூன்று கேள்வி கேட்கிறோம். இதை இன்றைக்கு நாங்கள் என்ன அர்த்தத்தில் செய்கிறோம்? இதில் கடவுளைத் தவிர வேறு யாரையாவது கும்பிடுகிறோமா? செய்தாலும் செய்யாவிட்டாலும் யாருடைய மனம் நோகும்? முதலாவது கேள்வியிலேயே ஹாலோவீன் பேய் வேஷம் எங்களுக்கு விழுந்துவிட்டது. மிட்டாய் சேர்க்கப் போவது விழவில்லை. உங்கள் வீட்டில் விடை வேறாக வரலாம். ஆனால் மரத்துக்கு ஒரு அளவுகோல், பொங்கலுக்கு வேறொன்று என்று மட்டும் வைக்காதீர்கள். வெள்ளைக்காரருடைய வழக்கம் என்றால் கிறிஸ்தவம், எங்களுடையது என்றால் பாவம் என்றுதான் பிள்ளைகள் அதில் படிப்பார்கள்.

அன்று இரவே மகனைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவன் மன்னிப்புக் கேட்டான்.

"அதுக்கென்ன, சின்னப் பிள்ளைதானே" என்றார் அம்மம்மா. பிறகு என்னைப் பார்த்து மெல்லமாகச் சொன்னார்: "நீங்கள் வேதக்காரர் எல்லோ பிள்ளை. உங்களுக்கெண்டு ஒவ்வொரு வருஷமும் வேற சட்டியிலதான் செய்யிறனான். படைக்கிறேல்லை."

இத்தனை வருஷமாக எனக்கு அது தெரியாது. மகன் கிண்ணத்தை வாங்கி, அங்கேயே இருந்து சாப்பிட்டு முடித்தான்.