மூத்திராசயத்தின் வியாதிகள்

தண்டலத்தைச் சுற்றி, இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரையில் பரந்து கிடக்கும் தொழிற்சாலைகளில் ஷிப்டு முறையில் உழைக்கும் ஆண்களும் பெண்களும், லைனை விட்டு நகர்ந்தால் மாற்று ஆள் வேண்டுமே என்ற கவலையினால் தண்ணீரைக் குறைத்துக்கொண்டும், வந்த உந்துதலை அடக்கிக்கொண்டும் பல மணி நேரத்தைக் கழிக்க நேருவதுண்டாகையால், மூத்திராசயம் என்னும் அவயவத்தைப் பற்றி அவர்கள் சிறிது அறிந்திருத்தல் அவசியமென்று கருதுகிறேன்.

அடிவயிற்றில் அமைந்த இத்தசைப்பை, சிறுநீரகங்கள் இடைவிடாது வடித்தனுப்பும் நீரை ஏற்று மெல்ல விரிந்து, ஏறக்குறைய 400 முதல் 500 மில்லிலிட்டர் வரையில் தாங்கும். வெளியேறும் நீர் பாதையிலுள்ள கிருமிகளையும் கழுவிக்கொண்டு போவதால், சிறுநீர் கழித்தலே சரீரத்தின் சுத்திகரிப்புக் காரியங்களுள் ஒன்றாகும். நீர் தேங்கினால் கிருமிகள் பெருகும்.

குடலில் தீங்கின்றி வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியா இப்பைக்குள் ஏறிவிடுவதே நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம். ஆண்களுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள மூத்திர நாளம் பெண்களுக்கு 4 சென்டிமீட்டரே ஆதலால், இவ்வியாதி பெண்களையே மிகுதியும் வருத்துகிறது. உடம்புச் சூடு என்றெண்ணி இளநீர் பருகுவதில் தவறில்லை. ஆனால் குளிர்காய்ச்சலும் விலாப்புற வலியும் கண்டால், கிருமி சிறுநீரகத்தை எட்டிவிட்டதாக ஐயுற்று, தண்டலத்திலேயே சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கையில், ஒரு நாளும் தாமதிக்கலாகாது. கல்ச்சர் பரிசோதனை செய்துகொள்ளாமல், மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு நிறுத்தும் வழக்கமோ, மருந்துக்கு அடங்காத கிருமிகளையே வளர்க்கிறது.

முதிய ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை நெருக்குவதும், தேங்கிய நீரில் கல் உண்டாவதும் சிகிச்சைக்கு எளிதில் இணங்குபவை.

அஞ்சத்தக்கது புற்றுநோயே. 1895-ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் நகரத்துச் சர்ஜன் லூட்விக் ரேன், சாயத் தொழிலாளரிடையே இந்நோயைக் கண்டறிந்து வெளியிட்டார். உடலுக்குள் சென்ற சாயத் தொழில் இரசாயனம் சிறுநீரில் வடிந்து, இப்பையின் உட்சுவரில் மணிக்கணக்காகப் படிந்திருப்பதே அதன் மூலம். புகையிலைப் புகையிலும் அவ்வினத்து நச்சுப் பொருள்கள் இருத்தலின், இன்று அதற்குத் தலையாய காரணம் புகைபிடித்தலாகும். வலியே இல்லாமல் ஒரு முறை சிறுநீரில் இரத்தம் கலந்து போய்ப் பின்பு தானே நின்றுவிட்டாலும், அது நோயின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். பரிசோதனை செய்தே தீரவேண்டும்.

வேலையிலிருக்கும் எந்நேரமும் தொழிலாளர் சென்றுவரத்தக்க கழிப்பிடம் இருக்கவேண்டுமென்று 1948-ஆம் ஆண்டிலேயே தொழிற்சாலைச் சட்டம் தன் 19-ஆம் பிரிவில் விதித்தது. ஆகவே, லைனை விட்டுச் செல்லும் அந்த ஐந்து நிமிஷத்தைச் சலுகையாக எண்ணாமல், கேட்டவுடன் மாற்று ஆளை நிறுத்திக்கொடுக்குமாறு மேற்பார்வையாளர்களை வேண்டுகிறேன்.