சண்டாளன்: ஒரு வசைச்சொல்லின் வழக்கு



என் பாட்டி நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். கூலி நெல்லைக் குறைத்து அளந்த பண்ணையாரை வீட்டுக்கு வந்து திட்டித் தீர்ப்பார்: "சண்டாளப் பாவி, அவன் நல்லா இருப்பானா?" ஈவிரக்கமற்ற கொடியவன் என்பதே அவர் கருதிய பொருள். பழைய நாடகங்களிலும் திரைப்பட வசனங்களிலும் அதே பொருள்தான். கல்லூரியில் மநுவைப் படித்தபோதுதான் ஒன்று உறைத்தது. பண்ணையார்மீது பாட்டி எறிந்த சொல், பாட்டியைப் போன்றவர்கள்மீது எறிவதற்காக உண்டானது.

சூத்திர ஆணுக்கும் பார்ப்பனப் பெண்ணுக்கும் பிறந்தவரே சண்டாளர் என்கிறது மநுதரும சாத்திரம். அவர்கள் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும். உடைந்த கலத்தில் உண்ண வேண்டும். பிணத்தின் துணியை உடுத்த வேண்டும். இரவில் ஊருக்குள் நடமாடக் கூடாது என்று 10ஆம் அத்தியாயம் விதிக்கிறது. இதில் திருட்டில்லை, கொலையில்லை. சாதி கடந்த உறவு ஒன்றே குற்றம், தண்டனை பிள்ளைக்கு. இன்றைய ஆணவக்கொலைகளில் வெளிப்படுவதும் அதே சினம்தான். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்த சீனப் பயணி பாகியான், நகருக்குள் நுழையும் சண்டாளர் மரக்கட்டையைத் தட்டி ஒலியெழுப்ப வேண்டியிருந்ததைப் பதிவுசெய்திருக்கிறார்.

கொடியவனைச் சுட்டத் தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? குறளின் 108ஆம் அதிகாரம் கயமை. கேட்ட மறைபொருளை ஊரெங்கும் பரப்புபவர், தாடையில் அடிப்பவருக்கன்றி எச்சில் கையையும் உதறாதவர் என்று கயவரை அவர்தம் செயலால் அடையாளம் காட்டுகிறது அது. புத்தரின் வசல சுத்தமும் அவ்வாறே. வாங்கிய கடனை இல்லையென்பவர், வசதியிருந்தும் முதிய பெற்றோரைப் பேணாதவர் எனச் செயல்களை அடுக்கி, பிறப்பால் எவரும் இழிந்தவராவதில்லை என்று முடிக்கிறது. 'கயவன்' ஒருவர் செய்ததைச் சொல்கிறது. 'சண்டாளன்' ஒருவர் பிறந்த இடத்தைச் சொல்லி, அதையே குற்றமாக்குகிறது.

இச்சொல்லுக்கு எதிராக மக்கள் போராடியும் இருக்கிறார்கள். வங்கத்தில் சண்டாளர் என அழைக்கப்பட்டோர் 1872-73இல் ஆதிக்க சாதியினருக்கு வேலை செய்ய மறுத்தனர். நாமசூத்திரர் என்ற பெயருக்காக அவர்கள் தொடர்ந்து நடத்திய போராட்டத்தால், 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பழைய பெயர் நீங்கியது.

தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளுள் சண்டாளர் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. அதாவது, அது இங்கே ஒரு சமூகத்தின் சட்டப்பூர்வமான பெயர். 2024இல் மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் இதை வசையாகவோ கேலியாகவோ பொதுவெளியில் பயன்படுத்தக் கூடாதென அறிவுறுத்தியது. "யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை, வழக்கில் இருக்கும் சொல்தானே" என்பார்கள். யாரையும் நினைக்காமலே சொல்ல முடிகிறதென்றால், இழிவு அவ்வளவு இயல்பாகிவிட்டது என்றுதான் பொருள்.

அறிவுரையை நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். நம் அம்மாக்களும் மேடைத் தோழர்களும் கோபத்தில் இச்சொல்லை எடுக்கிறார்கள். என் பாட்டியின் கோபம் முழுக்க நியாயமானது. சொல்தான் அவருக்கு எதிரானது. இனி கோபத்தை வைத்துக்கொள்வோம், சொல்லை மாற்றுவோம். கூலியைத் திருடியவனைக் கூலித் திருடன் என்றே அழைப்போம்.

ஜெய்பீம்.