லேப்டாப் ரொம்ப ஸ்லோவா இருக்கா? ரேம் வாங்கும் முன் இந்த 4 விஷயத்தை செக் பண்ணுங்க!

லேப்டாப்பை ஆன் பண்ணிட்டு டீ போட்டுக் குடிச்சிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கா? ‘ரேம் ஏத்திடுங்க, பறக்கும்’ என்று நண்பர்களும் சொல்வார்கள், கடையிலும் சொல்வார்கள். ரேம் மலிவாக இருந்தவரை அதில் பெரிய ரிஸ்க் இல்லை. இப்போ கதையே வேற.

ரேம் விலை ஏன் ஏறியது?

உலகின் பெரும்பாலான மெமரி சிப்களைத் தயாரிப்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள்தான். ஏஐ டேட்டா சென்டர்களுக்கான சிப்கள் பக்கம் இவை திரும்பியதால், 2025-ன் பிற்பகுதியில் ரேம் விலை கிடுகிடுவென உயர்ந்தது. ‘க்ரூஷியல்’ என்ற பெயரில் பொதுமக்களுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்த விற்பனையையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால், தேவையில்லாமல் ரேம் போட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

ரேம் என்ன வேலை செய்கிறது?

ரேம் என்பது சமையல் மேடை மாதிரி. ஹார்ட் டிஸ்க் அலமாரி. மேடை சின்னதா இருந்தா, ஒவ்வொரு டப்பாவையும் எடுத்து, திரும்ப வச்சு, திரும்ப எடுக்கணும். அதில்தான் நேரம் போகும். ஆனால் மேடையில் பாதி இடம் காலியாக இருக்கும்போது, இன்னும் பெரிய மேடை கட்டினால் சமையல் சீக்கிரம் முடியாது.

1. மேடை உண்மையிலேயே நிரம்பியிருக்கா?

தினமும் பயன்படுத்தும் பிரவுசர் டேப்கள், ஆப்கள் எல்லாவற்றையும் திறந்து வையுங்க. பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் மெமரியைப் பாருங்க. வேலை நேரத்தில் அடிக்கடி 85 - 90 சதவீதத்தைத் தாண்டினால் ரேம் போதவில்லை என்று அர்த்தம். 60 சதவீதத்தில் நின்றால் பிரச்னை வேறு எங்கோ இருக்கு.

2. ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

அதே பக்கத்தில் டிஸ்க் என்பதை அழுத்தினால் ஹெச்டிடி அல்லது எஸ்எஸ்டி என்று காட்டும். ஹெச்டிடி என்றால் முதல் செலவு எஸ்எஸ்டிக்குத்தான். ஆன் ஆகும் நேரம், ஆப் திறக்கும் நேரம் எல்லாமே அதில் குறையும். ரேம் நிரம்பும்போது விண்டோஸ் டிஸ்க்கைத்தான் தற்காலிக மெமரியாகப் பயன்படுத்தும் என்பதால், அந்த நேரத்திலும் எஸ்எஸ்டி கைகொடுக்கும்.

3. ரேம் போட இடம் இருக்கா?

மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கு என்பது தெரியும். ஆனால் அதை மட்டும் நம்பிடாதீங்க. மெலிசான பல லேப்டாப்களில் ரேமை போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள், மாற்றவே முடியாது. எம்1 சிப்பில் தொடங்கி அதற்குப் பிறகு வந்த மேக்புக்குகளிலும் இதே கதைதான். உங்க மாடல் எண்ணை வைத்து, நிறுவனத்தின் இணையதளத்தில் அதிகபட்சம் எத்தனை ஜிபி போடலாம் என்று பாருங்க. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றும் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று பொருந்தாது.

4. லேப்டாப்புக்கு எத்தனை வயசு?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக 8-வது தலைமுறை அல்லது அதற்குப் பிறகு வந்ததாக இருக்கணும். எவ்வளவு ரேம் போட்டாலும் இந்தத் தடை போகாது. தமிழ்நாடு அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் 2011 முதல் ஆரம்ப வருஷங்களில் கிடைத்த லேப்டாப்களும் இந்த வரம்புக்குள் வராது. அதில் பணம் போடுவதற்குப் பதில், லினக்ஸ் மின்ட் மாதிரி இலவச ஓஎஸ் போட்டுப் பார்க்கலாம்.

அப்போ யாருக்கு லாபம்?

4 ஜிபியிலிருந்து 8 ஜிபிக்குப் போனால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். வீடியோ எடிட்டிங், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, ஒரே நேரத்தில் ஏகப்பட்ட டேப்கள் என்று வேலை செய்பவர்களுக்கு 8-லிருந்து 16 ஜிபி பலன் தரும். ஆன்லைன் கிளாஸ், மெயில், சினிமா மட்டும்தான் என்றால் 16 ஜிபிக்கு மேல் போவது வீண் செலவு.

கடைசியா ஒண்ணு: டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் ஆப்களில் தேவையில்லாததை ஆஃப் பண்ணுங்க. குரோமில் மெமரி சேவரை ஆன் பண்ணுங்க. ரெண்டுமே இலவசம். ஒரு வாரம் இப்படி ஓட்டிப் பாருங்க. அப்பவும் மெமரி நிரம்பி வழிந்தால், வாரன்ட்டி இருக்கா என்று பார்த்துவிட்டு தாராளமா ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்புங்க!