பதின்ம வயதுப் பெண்களிடையே உடற்பருமன்

பதின்ம வயதுப் பெண்களிடையே உடற்பருமன் என்பது, 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களின் உடலில் நலத்தைக் கெடுக்கும் அளவுக்குக் கொழுப்பு சேர்ந்திருக்கும் நிலையாகும். இதற்கு முந்தைய படி மிகை எடை எனப்படும். உலக சுகாதார அமைப்பின் கணிப்புப்படி, 5 முதல் 19 வயதுடையோரில் மிகை எடையோ பருமனோ உடையவர்கள் 1990-இல் 8 விழுக்காடாக இருந்தனர். 2022-இல் 20 விழுக்காடாக உயர்ந்தனர். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இந்நிலையில் உள்ளவர்கள், தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 2015-16-இல் 30.9 விழுக்காடு, 2019-21-இல் 40.4 விழுக்காடு.

கணக்கிடும் முறை

கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறைச் சுட்டெண் கிடைக்கும். 1.5 மீட்டர் உயரமும் 54 கிலோ எடையும் உள்ள பெண்ணின் சுட்டெண் 54 ÷ 2.25 = 24. பெரியவர்களைப் போல வளரும் பெண்களுக்கு ஒரே எல்லையை வைக்க முடியாது. உலக சுகாதார அமைப்பின் அட்டவணைப்படி, 24 என்பது 13 வயதில் மிகை எடை. 18 வயதில் இயல்பான அளவு. இந்தியச் சிறாருக்கு இதைவிடக் குறைந்த எல்லைகளைக் கொண்ட அட்டவணையும் உள்ளது. எனவே மருத்துவரின் கருத்தைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

பூப்புக் காலத்தில் பெண்களின் உடலில் கொழுப்பு ஓரளவு கூடுவது இயற்கை. அதனை நோயாகக் கருதக் கூடாது.

காரணங்கள்

உணவு: காலை உணவைத் தவிர்த்துவிட்டு, மாலையில் கடும் பசியுடன் பொரித்த தின்பண்டங்களையும் இனிப்பூட்டிய குளிர்பானங்களையும் நாடும் வழக்கம், தட்டில் சோறு மிகுந்தும் காய்கறியும் பயறும் குறைந்தும் இருத்தல்.

உடலுழைப்பின்மை: 2016-ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, உலகில் 11 முதல் 17 வயதுப் பெண்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள், ஆண்களில் இது 78 விழுக்காடு. பூப்பெய்திய பெண்ணை விளையாட அனுப்பாத குடும்பங்கள் இன்றும் உள்ளன. பொதுத்தேர்வு ஆண்டுகளில் உடற்கல்விப் பாடவேளையும் பிற பாடங்களுக்குப் போய்விடுவதுண்டு.

தூக்கக் குறைவு: இந்த வயதினருக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. இரவில் நெடுநேரம் படிப்பதும் கைப்பேசி பார்ப்பதும் அதனைக் குறைக்கின்றன. தூக்கம் குறைந்தால் பசி கூடுகிறது.

மரபும் நோயும்: பெற்றோரின் பருமன், தைராய்டு சுரப்புக் குறைவு, சில மருந்துகள்.

விளைவுகள்

இரண்டாம் வகை நீரிழிவு, உயர் குருதி அழுத்தம், கல்லீரலில் கொழுப்புப் படிதல், மூட்டு வலி ஆகியவை இளமையிலேயே தோன்றலாம். சினைப்பை நீர்க்கட்டி நோய் உள்ளவர்களுக்கு மாதவிடாய் ஒழுங்கின்மையும் முகத்தில் மிகை முடியும் பருமனால் கடுமையாகலாம். கழுத்தின் பின்புறம் தோல் தடித்துக் கறுத்தால் அதை அழுக்கென்று எண்ணித் தேய்ப்பவர்கள் உண்டு; இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அறிகுறியாகவும் அது இருக்கலாம். பருமனாக உள்ள பெண்ணுக்குக் குருதிச்சோகையும் இருக்கக்கூடும். உடல் பெருத்திருப்பதால் ஊட்டம் நிறைந்திருப்பதாகப் பொருளில்லை.

கேலிப் பேச்சு மற்றொரு தீங்கு. அதற்கு அஞ்சும் மாணவி மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறாள். அதனால் எடை மேலும் கூடுகிறது.

தடுப்பும் தீர்வும்

பட்டினி கிடப்பதும் விளம்பரங்களில் வரும் எடைக் குறைப்புப் பொடிகளை உண்பதும் வளரும் உடலுக்குக் கேடு. உயரம் இன்னும் கூடிவரும் சிறுமிக்கு, எடை மேலும் ஏறாமல் காத்தாலே போதுமானதாக இருக்கலாம். நேரத்துக்குக் காலை உணவு, மாலையில் சுண்டலோ பழமோ, குளிர்பானத்துக்கு மாற்றாக நீர் அல்லது மோர், சராசரியாக நாளுக்கு 60 நிமிட விளையாட்டு அல்லது விரைவு நடை ஆகியவை உதவும். இவற்றைப் பருமனான பெண்ணுக்கு மட்டும் தனி விதியாக்காமல் வீட்டில் அனைவரும் கடைப்பிடித்தால், அவள் குற்றவுணர்வின்றித் தொடர்ந்து செய்வாள். மாதவிடாய் ஒழுங்கின்மை, கழுத்தில் கருமை, குறுகிய காலத்தில் எடை மிகக் கூடுதல் ஆகியவை காணப்பட்டால் மருத்துவரை அணுக வேண்டும்.