சூரியன் இறைத்த தண்ணீர்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு வருகிறவர்கள் விமானத்தைப் பார்க்கிறார்கள், அலையைப் பார்க்கிறார்கள், படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்த வளாகத்தின் சூரிய மின்தகடுகள் அதிகம் பேர் கண்ணில் படுவதில்லை. ஒவ்வொன்றும் 10 கிலோவாட் திறன் கொண்ட மூன்று அமைப்புகள் நிறுவப்பட்டு, பசுமை மின்சாரத்தில் இயங்கும் நாட்டின் முதல் தொல்லியல் சின்னம் என்று 2023-இல் இந்தக் கோயில் பெயர் வாங்கியது. நடக்க முடியாதவர்களுக்கு பேட்டரி வண்டியும் வந்தது. ராஜசிம்மப் பல்லவன் காலத்துக் கல்லின் மேல் இரவில் விழுவது பகல் வெயிலில் சேர்ந்த வெளிச்சம்.

நம் பக்கத்து வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். அப்படியானால் கோயிலில் நாளுக்கு 120 யூனிட். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைப் பக்கமாக வாருங்கள். நெம்மேலி வரும்.

அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இரண்டு உள்ளன. 2013-இல் தொடங்கியது நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர், 2024 பிப்ரவரியில் தொடங்கியது பதினைந்து கோடி லிட்டர் தரவல்லது. பக்கத்திலேயே பேரூரில் நாற்பது கோடி லிட்டருக்கான மூன்றாவது நிலையத்துக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார்கள். கடல்நீரை மிகுந்த அழுத்தத்தோடு மெல்லிய சவ்வுக்குள் தள்ளினால்தான் உப்பு பின்தங்கும். நல்ல நீர் மறுபுறம் வரும். அந்த அழுத்தத்தைக் கொடுப்பது மின்சாரம். ஆயிரம் லிட்டருக்குச் சுமார் மூன்றரை யூனிட் ஆகும். கடற்கரைக் கோயிலின் மொத்த சூரிய மின்சாரத்தையும் இதற்குக் கொடுத்தால் கிடைப்பது 34 ஆயிரம் லிட்டர், அதாவது மூன்று டேங்கர் லாரித் தண்ணீர். மூன்று நிலையங்களும் முழு அளவில் ஓடினால் நாளுக்கு 22 லட்சம் யூனிட்டுக்கு மேல் வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவரும் செலவு தனி.

இந்த நிலையங்களை நான் குறை சொல்லவில்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த நாட்களில் கடல்நீரும் சென்னையின் தாகத்துக்குக் கைகொடுத்தது. ஆனால் வேளச்சேரியில் ஒருவர் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கினால், நெம்மேலியில் ஒரு மோட்டார் அவருக்காக ஓடுகிறது. மின்சிக்கனம் என்றால் விளக்கை அணைப்பது என்றே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். இந்தக் கரையில் குழாயை மூடுவதும் மின்சிக்கனம்தான்.

சவ்வும் அழுத்தமும் இல்லாமல் உப்பையும் நீரையும் பிரிக்கும் கேளம்பாக்கம், கோவளம் பக்கத்து உப்பளங்களைப் பாருங்கள். கடல்நீரைப் பாத்தியில் பாய்ச்சிவிட்டுக் காத்திருக்கிறார்கள். தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பை வாரிக் குவிக்கிறார்கள். ஆயிரம் லிட்டர் நீரை ஆவியாக்க அறுநூறு யூனிட்டுக்கு மேல் வெப்பம் தேவை. அத்தனையையும் வெயில் சும்மா தருகிறது. மீனவக் குப்பங்களில் மணலில் காயும் கருவாடும் அப்படித்தான். உப்பளத்தில் உப்பு நமக்கு, நீராவி வானுக்கு. கடல் முழுக்க இதே வேலை நடந்து, மேலே போன ஆவி ஐப்பசி, கார்த்திகையில் நம் தலைமேல் இறங்குகிறது. மழை என்பதே சூரியன் நடத்தும் குடிநீர் நிலையம். அதற்கு மின்கட்டணம் கிடையாது.

செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று சொன்னவர்கள் இதைப் புரிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். மதுராந்தகம் ஏரி ஒன்றே சுமார் 2,400 ஏக்கர். கரை உடையாமல் காத்தவர் என்று பக்கத்துக் கோயில் ராமருக்கே ஏரி காத்த ராமர் என்று பெயர். மதகைத் தூக்கினால் தண்ணீர் பள்ளத்தை நோக்கித் தானே பாயும். நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். எங்கும் ஒரு மோட்டார்கூட இல்லை. ஓர் ஏரியை மண்ணடித்து மனையாக்கும்போது நாம் இழப்பது நீர்நிலையை மட்டுமல்ல, செலவில்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு மின்நிலையத்தையும்தான். இதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இதே மாவட்டத்துச் செய்யூரில் 4,000 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்டத் திட்டமிட்டார்கள். விளைநிலமும் நீர்நிலையும் கெடும் என்று ஊரார் எதிர்த்தார்கள். அது வரவே இல்லை. நல்லதுதான். காற்றாலைக்கு முப்பந்தல், ஆரல்வாய்மொழி போன்ற கணவாய் நமக்கு இல்லை. இங்கே கையிருப்பு வெயிலும் மழையும்தான். தகடு நன்றாக விளைவது மாசி முதல் ஆடி வரை, மழை மாதங்களில் அது சுணங்கும்போது ஏரி நிரம்பும். ஒன்று களைத்தால் மற்றது தோள்கொடுக்கும்.

வெயில், மழை இரண்டுக்கும் இடம் நம் மொட்டைமாடி. 2024-இல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78 ஆயிரம் ரூபாய் மானியம் உண்டு. நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் எதிர்பார்க்கலாம். கடலோரத்தில் வீடு இருந்தால் துரு ஏறாத தாங்கிகளாகக் கேட்டு வாங்குங்கள்; தகட்டில் படியும் உப்பை அடிக்கடி நல்ல தண்ணீரில் துடையுங்கள். அதே மாடி ஆயிரம் சதுர அடி என்றால், 1,200 மில்லிமீட்டர் மழையில் வீணானது போக 90 ஆயிரம் லிட்டர் பிடிக்கலாம். அவ்வளவு நீரைக் கடலிலிருந்து எடுக்க 300 யூனிட்டுக்கு மேல் செலவாகும்.

மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே தமிழ்நாட்டில் கட்டாயமாகிவிட்டது. எங்கள் குடியிருப்பிலும் குழி இருந்தது. மூடியை யாரும் திறந்து பார்த்ததில்லை, நானும்தான். சென்ற புரட்டாசியில் இரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து திறந்தோம். மாடிச் சருகும் சேறும் வாய்வரை அடைத்திருந்தன. பதினொரு கூடை சேறு அள்ளி, கூழாங்கல்லைக் கழுவி, புது மணல் போட்டோம். ஐப்பசி இரண்டாம் வாரம் இரவெல்லாம் மழை. விடிந்ததும் குடியிருப்பின் உறைகிணற்றை எட்டிப் பார்த்தேன். சித்திரையிலிருந்து வெளியே தெரிந்துகொண்டிருந்த நான்கு உறைகளில் மூன்று தண்ணீருக்குள் இருந்தன.