நோன்பு மாதத்து வருமானம்

மஃரிபு தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தால் விறாந்தையில் யாராவது ஒரு பிள்ளை உம்மாவோடு உட்கார்ந்திருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, ஏ.எல். பெறுபேறு. "சேர், கெம்பஸ் கிடைச்சிட்டு. இந்த ஃபோமை ஒருக்காப் பாத்துத் தாங்க" என்று பிள்ளை தொடங்கும். உம்மா அதை முடிக்க விடமாட்டா. "தூர இடம் சேர். எவ்வளவு செலவாகும்?"

கல்முனைப் பக்கப் பாடசாலைகளில் வணிகக் கல்வி படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இப்போது என் மாலை நேர வேலை.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுவேன்: தூர இடம் என்பதற்காக இங்கே படிப்புக் கட்டணம் கூடுவதில்லை. அமெரிக்காவில் அரச பல்கலைக்கழகம் என்றால் அந்த மாநிலத்துப் பிள்ளைக்கு ஒரு கட்டணம், வெளி மாநிலத்துப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய கட்டணம். அந்த வித்தியாசத்தைக் குறைக்கப் புலமைப்பரிசில் தேடி அலைவதே அங்கே ஒரு தனிப் படலம். எங்களுக்கு அந்தத் தலையிடி இல்லை. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா 1945இல் கொண்டு வந்த இலவசக் கல்வி பல்கலைக்கழகம் வரைக்கும் போகிறது. ஒலுவிலில் படித்தாலும் மொரட்டுவையில் படித்தாலும் உள்வாரிப் பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது. அதற்கும் மேலே, கலைப் பிரிவு தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் தகுதிக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கு, மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் அம்பாறையும் ஒன்று. கொழும்புப் பிள்ளையை விடச் சற்றுக் குறைந்த இசட் ஸ்கோரோடு எங்கள் பிள்ளை அதே வகுப்பில் உட்காருவது இதனால்தான்.

அப்போ செலவு எங்கே இருக்கிறது? வயிற்றிலும் பஸ்ஸிலும்தான் இருக்கிறது. விடுதி கிடைத்தால் வாடகை சொற்பம். எல்லா வருடமும் எல்லாருக்கும் விடுதி கிடைப்பதில்லை. போடிங்குக்கு முற்பணம் கேட்பார்கள். சாப்பாடு, போட்டோகொப்பி, டேட்டா, ஒரு லெப்டொப். அன்று அமைச்சராக இருந்த எங்கள் அஷ்ரப் முயன்று 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த வருடமே முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்கு, பக்கத்தில் ஒலுவிலில் இருக்கிறது. அங்கே கிடைத்தால் வீட்டில் சோறு தின்று போய் வரலாம். மருத்துவம் என்றால் மட்டக்களப்பிலிருந்து காலி வரை எங்கே விழும் என்று சொல்ல ஏலாது.

இந்தச் செலவைத் தாங்கத்தான் மகாபொல. அன்றைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலி 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாக்கிய நிதியம் அது. இதில் திறமைக்கு ஒரு வகை, சாதாரணம் என்று இன்னொரு வகை. சில வருடங்களுக்கு முன் திறமைக்கு 5,050 ரூபா, மற்றதுக்கு 5,000 ரூபா. ஆக, திறமையின் விலை மாதம் ஐம்பது ரூபா! மகாபொல கிடைக்காதவர்களுக்குப் பேர்சரி என்ற உதவிப் பணம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து எடுக்க முடியாது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலவை 7,500 ஆகவும், 4,000 ஆக இருந்த பேர்சரியை 6,500 ஆகவும் கூட்டினார்கள். கல்வியாண்டுக்குப் பத்துத் தவணை. பன்னிரண்டு என்று கணக்குப் போட்டு ஏமாற வேண்டாம். முதல் தவணை கைக்கு வரச் சில மாதம் பிந்துவதும் வழக்கம். ஆகவே முதல் நாலைந்து மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டே பிள்ளையை அனுப்புங்கள்.

ஒரு உம்மா என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டா: "சேர், அது லொத்தர்க் காசாமே?" அபிவிருத்தி லொத்தர் வருமானத்தில் ஒரு பங்கு மகாபொல நிதியத்துக்குப் போவது உண்மை. திறைசேரிப் பணமும் அதில் சேர்கிறது. தீர்ப்புச் சொல்ல நான் யார்? பள்ளி மௌலவியிடம் அனுப்பினேன். அவர் என்ன சொன்னாரோ தெரியாது, பிள்ளை இப்போது மூன்றாம் வருடம் படிக்கிறது.

இனி என் கதை. 1985இல் எனக்குப் பேராதனை கிடைத்தது. வாப்பா மருதமுனையில் கைத்தறி நெய்தவர். வீட்டின் முன்னறை முழுக்கத் தறி. நாங்கள் படுத்தது பின்னறையில். சாரம் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. நூல் வராத வாரம் தறி சும்மா கிடக்கும், உம்மா பாவுக் கட்டையில் மிளகாய் காயப் போடுவா. உதவிப் பண விண்ணப்பத்துக்கு வேண்டிய வருமானச் சான்றுக்கு நானும் வாப்பாவும் விதானையாரிடம் போனோம். அவருடைய முற்றத்தில் ஊர்க்காரர் நாலைந்து பேர் நின்றார்கள். "மாசம் எவ்வளவு வரும்?" என்று அவர் கேட்டார். வாப்பா ஒரு தரம் செருமினார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். பிறகு ஒரு தொகை சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது நோன்பு மாதத்துக் கணக்கு. பெருநாளைக்குச் சாரம் கேட்டு வியாபாரிகள் வாசலில் நிற்கும் அந்த ஒரு மாதத்தில், இரவும் பகலும் தறி அடித்தால் வருகிற காசு. விதானையார் அதைப் பன்னிரண்டால் பெருக்கி எழுதி முத்திரை குத்தினார். அவரில் பிழையில்லை.

திரும்பி வரும் வழியில் நான் பேசவில்லை. வாப்பாதான் சொன்னார்: "நாலு பேருக்கு முன்னால எங்களுக்கு இல்லையெண்டு சொல்ற பழக்கம் எனக்கில்ல, மகன்."

உதவிப் பணம் எனக்குக் கிடைக்கவில்லை. மஹாஓயா, மஹியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவில் பஸ் ஏறும்போது வயிற்றைப் பிரட்டும். அந்தப் பிரயாணத்தையும் செலவுக்குப் பயந்து வருடத்துக்கு இரண்டு தரத்தோடு நிறுத்திக்கொண்டேன். கண்டி டவுனில் இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுத்துத்தான் மெஸ் காசு கட்டினேன். வாப்பா மௌத்தாகும் வரை அந்தச் சான்றுக் கடதாசி பற்றி நாங்கள் இருவரும் கதைத்ததே இல்லை.

அதனால்தான் வருமானக் கட்டத்துக்கு வரும்போது நான் பேனையை மூடி வைத்துவிட்டுப் பேசத் தொடங்குகிறேன். போன முறை வந்த பிள்ளையின் வாப்பா கரைவலைக்குப் போகிறவர். "நாளைக்கு மூவாயிரம் வரும் சேர்" என்றார். எந்த நாளைக்கு என்று கேட்டேன். கலண்டரைக் கழற்றிப் பின்பக்கத்தில் மாதங்களை எழுதினோம். வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கிற மாதங்களுக்கு நேரே அவரே பூச்சியம் போட்டார். மீன் பட்ட மாதத்தில் வந்த பங்கு, படாத மாதத்தில் முதலாளியிடம் வாங்கிய முற்பணம் என்று எல்லாம் எழுதிக் கூட்டியபோது அவருக்கே முகம் மாறிவிட்டது. "இதையா எழுதப் போற?" என்றார். உண்மை அதுதானே! குறைத்து எழுதச் சொல்லி நான் யாருக்கும் சொல்வதில்லை, அது பொய். கூட்டி எழுதுவதும் பொய்தான், அதை மட்டும் நாங்கள் மானம் என்கிறோம்.

இன்னொரு வில்லங்கம் பெயர். பிறப்புச் சான்றில் முஹம்மது, அடையாள அட்டையில் மொஹமட், வங்கிப் புத்தகத்தில் வெறும் எம். லெவ்வை ஓரிடத்தில் லெப்பை. மூன்று ஆவணத்தில் மூன்று மனிதர் இருந்தால் காசு எவருடைய கணக்குக்கும் வராது. பெறுபேறு வரும் வரை காத்திராமல், ஏ.எல். பரீட்சை முடிந்த கையோடு இதைத் திருத்தி வைப்பது நல்லது.

மற்ற வழிகளும் உண்டு. ஊர் பைத்துஸ் ஸகாத்தில் கேட்கலாம். பழைய மாணவர் சங்கங்கள் ஓசையில்லாமல் உதவுகின்றன. பல்கலைக்கழக மாணவர் நலன் பிரிவில் போய்க் கேட்டால்தான் தெரியவரும் சிறு நிதிகளும் இருக்கின்றன. கெம்பஸ் தவறியவர்களுக்கு 2017இல் தொடங்கிய வட்டியில்லாக் கடன் திட்டம் இருக்கிறது; வட்டி என்றதும் பின்வாங்கும் எங்கள் வீடுகளுக்கு அது பொருந்தும். வெளிநாடு என்றால் இந்திய அரசின் நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் பட்டப்படிப்புக்கும், மௌலானா ஆசாத் பட்டப்பின் படிப்புக்கும். இந்திய உயர்ஸ்தானிகராலயமும் எங்கள் கல்வி அமைச்சும் விண்ணப்பம் கோரும்போது கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான்.

பேர்சரி மறுக்கப்பட்டால் ஒரு கடிதத்தோடு மேன்முறையீடு செய்யுங்கள். வாப்பாவின் தொழில் விழுந்ததா, வீட்டில் இன்னும் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். பிள்ளைக்கு எழுத வராவிட்டால் என்னிடம் அனுப்புங்கள், மஃரிபுக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன். வரும்போது வாப்பாவையும் கூட்டி வாங்க. பன்னிரண்டு மாதக் கணக்கு அவருக்குத்தான் தெரியும்.